அப்பாவைத் தூக்கும் முறை

ஊருகலைத் தோட்டம், மேற்பிரிவு,
தெரணியகலை.
12.03.2006

தம்பி சுதாகரனுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். இந்த முறை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் அப்பாவைக் கக்கூசுக்குக் கொண்டுபோகும்போது படியில் நழுவவிட்டேன். அவரோடு நானும் விழுந்தேன். மழை வேறு. இரண்டு பேரும் சேற்றில் கிடந்தோம். சத்தம் கேட்டுக் கீழ் லயத்து வரிசை வீடுகளிலிருந்து இருளாயியின் மகன்கள் ஓடிவந்து முதலில் அவரைத் தூக்கினார்கள், பிறகு என்னை. என்னைத் தூக்கத்தான் அதிக நேரம் எடுத்தது.

அப்பாவுக்கு நெற்றியில் சிராய்ப்பு மட்டும். எனக்கு முழங்கால் வீங்கிப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறேன். தோட்ட மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "மாஸ்டர், அப்பாவுக்கு வாதம் ஒரு பக்கந்தான். ஒங்களுக்கு ரெண்டு பக்கமும் வந்துரும்போல இருக்கே" என்றார். சீனி கூடியிருக்கிறதாம். பிரஷரும். வயிற்றைத் தட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

உன் அண்ணி ஷாமிளாவின் இடுப்பு போன வருடமே போய்விட்டது. அப்பாவைத் தூக்கித் தூக்கிப் போனதுதான். இப்போது குனிந்து அடுப்பு ஊதக்கூட அவளால் முடியவில்லை. சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்துப் பார்த்தோம். அப்பா நல்ல கையால் அவன் காதைச் சேர்த்து ஒன்று வைத்தார், ஒரு கிழமையில் ஓடிவிட்டான். கையில் வலு இன்னும் இருக்கிறது. வாய்தான் குழறுகிறது. அந்தக் குழறலிலும் உன் பெயர் மட்டும் சுத்தமாக வருகிறது.

நீ கத்தாருக்குப் போகும்போது இந்த வாசலில் நின்று சொன்னதை நினைவூட்டுகிறேன். "ரெண்டு வருசம் அண்ணே. அதுக்கப்புறம் அப்பாவ நான் பாத்துக்கிறேன். நீங்க அண்ணியக் கூட்டிக்கிட்டு எங்க வேணும்னாலும் போங்க." இந்த டிசம்பரோடு இரண்டு வருடம் முடிகிறது. அதற்கு முன்னதாக வர முடியுமா?

எனக்கு நாற்பத்தாறு வயது. எழுபத்தொன்பதில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அதே மாதத்தில், சங்கத்துக்காரரைப் பிடித்து இந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார் அப்பா. "கெம்பஸ் எங்கயும் ஓடிப்போவாது" என்றார். அது ஓடவில்லைதான். நானும் ஓடவில்லை. இருபத்தாறு வருடமாக ஒரே கரும்பலகை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ "சரி அண்ணே, பாப்போம் அண்ணே" என்று வைத்துவிடுவாய். காகிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

இந்திரகுமார்


தோஹா
02.04.2006

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் சுதாகரன் எழுதிக்கொள்வது,

கடிதம் கிடைச்சது. ரூம்ல எல்லாரும் தூங்கின பொறகு ரெண்டாவது தரம் படிச்சேன். அப்பா விழுந்தத நெனச்சா தூக்கமே வரமாட்டேங்குது. நீங்க விழுந்தத நெனச்சாலும் அப்படித்தான். எழுதுற விதத்துல நீங்க சிரிக்க வைக்கிறீங்க, ஆனா எனக்குச் சிரிப்பு வரல.

முன்னாடி வரமுடியாது அண்ணே. பாஸ்போட் கொம்பனி கையில. ஒப்பந்தம் முடியாம விடமாட்டாங்க. டிசம்பர்ல வந்துருவேன்.

அதுவரைக்கும் ஒண்ணு சொல்றேன், ஏசாமக் கேளுங்க. நான் வேல செய்ற ஹோட்டல் ஜிம்முல துவாய் மடிக்கிறது, மெசின் தொடைக்கிறது, தரை கழுவுறதுதான் என் வேலைன்னு ஒங்களுக்குத் தெரியும். ரமோன்னு பிலிப்பைன்ஸ்காரரு ஒருத்தரு அங்க பழக்குறவரு. அவருகிட்ட வாறதெல்லாம் ஒங்க வயசு ஆளுங்க. சீனி, பிரஷர், தொப்பை எல்லாம் இருக்கு. அவரு அவங்கள மெசின்ல ஏத்துறதே இல்ல. மணல் மூட்டையக் கட்டிப்பிடிச்சுத் தூக்கச் சொல்றாரு. ரெண்டு கையிலயும் பாரத்தக் குடுத்து நடக்கச் சொல்றாரு. பெரிய டயரப் புரட்டச் சொல்றாரு. இன்னைக்குச் செஞ்சத நாளைக்குச் செய்ய விடமாட்டாரு. "வீட்டுல பாரம் ஒரே மாதிரியா வருது? ஒடம்பு எதுக்கும் தயாரா இருக்கணும்"னு சொல்வாரு. ஆறு மாசத்துல ஆளே மாறிப் போறாங்க அண்ணே. நான் தொடைச்சிக்கிட்டே பாத்துக்கிட்டு இருக்கேன்.

நீங்களும் செய்யுங்க. மொதல்ல பாரமே வேணாம். தாழ்வான முக்காலியில குந்தி, கைய ஊணாம எந்திரிங்க. முழங்கால் வலி போன பொறகு ரெண்டு தண்ணி கேன நெறப்பி, தோள கீழ எறக்கி, முதுக நேரா வச்சி நடங்க. அப்புறம் உரச் சாக்குல கொஞ்சமா மணல் போட்டு நெஞ்சோட அணைச்சுத் தூக்குங்க. முதுகு வளையக் கூடாது. பின்பக்கத்தப் பின்னால தள்ளி, காலால எந்திரிக்கணும். ஒருநாள் இது, மறுநாள் அது.

சீனி போடாம தேத்தண்ணி குடிங்க. அண்ணிக்கு என் அன்பு. அப்பாகிட்ட நான் டிசம்பர்ல வாறேன்னு சொல்லுங்க.

உங்கள் தம்பி
சுதாகரன்


ஊருகலை
30.04.2006

தம்பிக்கு,

நான் வரச்சொல்லி எழுதினேன். நீ குந்தி எழும்பச் சொல்லி எழுதியிருக்கிறாய்.

இந்தத் தோட்டத்தில் நூற்றைம்பது வருடமாக மூட்டை தூக்குகிறார்கள். யாருக்கும் ஆயுள் கூடியதாக நான் கேள்விப்படவில்லை. காசு கொடுத்து மணல் மூட்டை தூக்கும் அராபியர்களைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நம் மடுவத்துக்கு அனுப்பிவை. கொழுந்துச் சாக்கைத் தூக்கட்டும்.

இப்படியெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் முக்காலியை எடுத்துப் போட்டேன். குந்தினேன். எழும்ப முடியவில்லை. நாற்பத்தாறு வயது, விஞ்ஞானப் பட்டதாரி (அதுவும் கெம்பஸ் பக்கம் போகாமலே வெளிவாரியாகப் படித்தது, அப்பாவின் புண்ணியம்), ஒரு முக்காலியிலிருந்து எழும்ப முடியாமல் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஷாமிளா வாசலில் நின்று பார்த்தாள். "கல்யாணத்தன்னைக்கு மணவறையில இருந்து எந்திரிக்கவும் இப்படித்தான் கஷ்டப்பட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கோபத்தில்தான் விடாமல் செய்தேன்.

தண்ணி கேன் நடை முடிகிறது. படியில் ஏறி இறங்குவதும் முடிகிறது. கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்துவது என்று பின்னால் ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தாயே, அதைப் புல்லில் செய்தேன். எழும்பிப் பார்த்தால் இரண்டு முழங்கையிலும் இரத்தம் குடித்துக்கொண்டு அட்டை. உன் ரமோனுக்கு அட்டையைத் தெரியுமா? தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பயிற்சியை அவர் கண்டுபிடித்திருக்க மாட்டார். இப்போது சிமெந்துத் தரையில் சாக்கு விரித்துச் செய்கிறேன்.

ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிற ஜாபிர் தன் த்ரீவீலின் பின்னால் கட்டி இழுத்துவந்து ஒரு பழைய ட்ரக்டர் டயர் கொடுத்தான். அதைப் பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் விடியற்காலையில் புரட்டுகிறேன். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். கொழுந்துக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள் என்பது இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இருளாயி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"என்னா சேர், டயரத் திருப்பித் திருப்பிப் பாக்கிறீங்க? அடியில ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"ஒடம்புக்குப் பயிற்சி இருளாயி."

"அடியாத்தே! அப்ப எங்ககூட வாங்க. பயிற்சியும் ஆச்சு, கங்காணிகிட்டச் சொல்லி அரநாள் சம்பளத்துக்கு அரப்பேரும் போடச் சொல்றேன்."

மலை முழுக்கச் சிரித்தது. இப்போது பிள்ளைகள்கூட வகுப்பில் என்னை டயர் சேர் என்கிறார்கள் போலிருக்கிறது. என் காதில் விழாதபடி சொல்லத் தெரிந்த அளவுக்காவது கல்வி கொடுத்திருக்கிறேன்.

நீ பதின்மூன்று வயதில் ஓர் உர மூட்டையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டாய். அப்பா லயம் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று எனக்குப் பட்டப் பரீட்சையின் முதல் பகுதி பாஸ் என்று கடிதம் வந்திருந்தது. அதை அவர் படித்துக் காட்டச் சொல்லவேயில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூட்டையை நீ வேண்டுமென்று அன்றைக்குத் தூக்கவில்லை.

இந்திரகுமார்


தோஹா
28.05.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

டயர் சேர்! ஜிம்முல எல்லாருக்கும் சொன்னேன். ரமோனுக்கு அட்டைன்னா என்னான்னு வரைஞ்சி காட்டினேன். அவரு கைய எடுத்துக் கும்பிடுறாரு.

நீங்க பழைய கதை எழுதினீங்க. எனக்கு அந்த மூட்டை ஞாபகம் இருக்கு. ஒங்க கடிதம் வந்தது ஞாபகம் இல்ல. யாரும் சொல்லலயே அண்ணே.

இப்ப முக்கியமான விசயம். ரமோன்கிட்ட, நடக்க முடியாத ஒருத்தர ஒரு ஆளு தனியா எப்படித் தூக்குறதுன்னு கேட்டேன். அவரோட அம்மாவும் அப்படித்தானாம். என்னையே தூக்கிக் காட்டினாரு. அப்பாவக் கையில ஏந்தாதீங்க. கட்டில் ஓரத்துல ஒக்கார வச்சிட்டு, அவருக்கு முதுகக் காட்டிக் குந்துங்க. அவரோட நல்ல கைய ஒங்க நெஞ்சுக்குக் குறுக்கால கொண்டாந்து ஒங்க கையால பிடிச்சிக்கோங்க. வாதக் கைய உள்பக்கமா வச்சிக்கிறணும், இழுத்துறாதீங்க. ஒரு போர்வைய அவரு பின்பக்கம் சுத்தி ஒங்க இடுப்புல கட்டினா பாரம் இடுப்புல நிக்கும். மூச்ச அடக்காதீங்க. எந்திரிக்கிறப்ப மூச்ச விடணும். மொதல்ல மணல் மூட்டைய வச்சிப் பழகுங்க, அப்பா எடைக்கு வாறவரைக்கும். அவசரப்படாதீங்க.

நான் சொல்றத நீங்க கேக்குறது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. சின்னதுல இருந்து நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. நான்தான் ஒண்ணும் படிக்கல.

சுதாகரன்


ஊருகலை
20.08.2006

தம்பிக்கு,

தூக்கிவிட்டேன்.

இதைத் தனி வரியாக எழுத வேண்டும் என்று கீழே வரும்போதே தீர்மானித்துக்கொண்டேன். தெரணியகலை ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கிளினிக். வழக்கம்போல் ஆபிசில் அனுமதித் துண்டு வாங்கி நாலு ஆட்களைக் கேட்டிருந்தேன். நம் தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும்: கம்பளியில் சுற்றி மூங்கிலில் கட்டி நாலு பேர் ரோட்டுவரை தூக்கி வருவது, தூக்கினவர்களுக்கு அரைப்பேர். அன்று ஆட்கள் வரவில்லை, கொழுந்து கூடின நாள். ரோட்டில் ஜாபிர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கிறான். ஷாமிளா, "வேணாம், அடுத்த மாசம் போகலாம்" என்கிறாள். நான் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக் குந்தினேன்.

எழும்பினேன் சுதா. காலால் எழும்பினேன். அவர் எடை மணல் மூட்டையைப்போல் அசையாமல் இருக்கவில்லை, உயிருள்ள பாரம் சாய்கிறது, இறுக்குகிறது. ஆனாலும் படி படியாக, லயத்தைக் கடந்து, சுமைதாங்கி வளைவைக் கடந்து, ரோட்டுவரை ஒரே ஓட்டத்தில் இறக்கினேன். மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த எல்லோரும் லயத்து வாசல்களில் வந்து நின்றார்கள். இருளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பார்த்தாள். ஜாபிர் புதுப் போனில் படம் எடுத்தான். தெரணியகலைக் கடையில் பிரதி போட்டு இதனுடன் அனுப்புகிறேன். பார்த்துக்கொள். முகத்தில் தெரிவது களைப்பு அல்ல.

மருந்துக்காரர் சீனியைப் பார்த்துவிட்டு இரண்டாவது தரமும் பார்த்தார். மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். பழைய காற்சட்டைகளை ஷாமிளா இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் வாயிலிருந்து பாராட்டு வராது என்பது உனக்குத் தெரியும். "இனிமே என்னையும் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போகலாம், பஸ் காசு மிச்சம்" என்றாள். இருபது வருடத்தில் அவள் என்னோடு இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொரு செய்தி. இரத்தினபுரியில் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரிய ஆலோசகர் பதவி ஒன்று. நேர்முகத்துக்குப் போனேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்காமல் உட்கார்ந்தேன். மற்ற இருவருக்கும் வாங்கியது. கிடைத்தால் ஜனவரியில் போக வேண்டும். றக்வானை தொடங்கி மாவட்டம் முழுக்கச் சுற்றுகிற வேலை, கிழமையில் பாதி நாள் வீட்டில் இருக்க முடியாது. அப்பாவை அங்கே கொண்டுபோய் ஷாமிளாவிடம் விட்டுப் போக முடியாது. ஆனால் நீதான் டிசம்பரில் வந்துவிடுவாயே.

உனக்கு நன்றி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

இந்திரகுமார்


தோஹா
17.09.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

படத்தப் பாத்து அழுதுட்டேன். டொய்லட்டுக்குள்ள போய் அழுதேன், ஆளுங்க வாற எடம்னு. என் லொக்கர் கதவுல உள்பக்கமா ஒட்டி வச்சிருக்கேன். ரமோன் பாத்துட்டு அங்க வாற எல்லாருக்கும் கூப்பிட்டுக் காட்டுறாரு. "இதுக்குத்தான் நாம செய்றோம்"னு சொன்னாரு. அப்பா ஒங்க தோளுக்கு மேல மூஞ்ச வச்சிக்கிட்டு எவ்வளவு நிம்மதியா இருக்காரு.

எங்க அண்ணன்னு சொல்றப்ப எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. முதலாளியும் வந்து பாத்தாரு.

ரத்தினபுரி வேலை ஒங்களுக்குத்தான். ஒங்களவிட்டா யாரு இருக்கா.

சுதாகரன்


ஊருகலை
29.10.2006

தம்பிக்கு,

நியமனக் கடிதம் வந்துவிட்டது. ஜனவரி இரண்டாம் திகதி காலையில் இரத்தினபுரியில் கையெழுத்து வைக்க வேண்டும். ஷாமிளா தன் அண்ணன் மூலம் பட்டுகெதரப் பக்கம் இரண்டு அறை பார்த்துவிட்டாள். இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே பீங்கான்களைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறாள். தேத்தண்ணி குடிக்க இரண்டு கோப்பையைத்தான் வெளியே வைத்திருக்கிறாள்.

உன் விமானம் எந்தத் திகதி என்று எழுது. கொழும்பில் மறுபடி இராணுவச் சோதனை கூடியிருக்கிறது. நான் வந்து கூட்டிவருவதா, ஜாபிரை அனுப்புவதா என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

இங்கே ஒரு புதுமை. இந்த மாதக் கிளினிக்குக்கு ஆட்கள் கேட்டு ஆபிசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் துண்டு எழுதவில்லை.

"மாஸ்டர், நாலு பேருக்கு அரப்பேர் போட்டா தொரை ஏசுறாரு. நீங்கதான் தனியாவே தூக்கிட்டுப் போயிருறீங்களாமே. தொரையும் படத்தப் பாத்தாரு. ஜாபிர் காட்டினானாம்."

"அது ஒருநாள் அவசரத்துக்கு. என் அப்பா இந்தத் தோட்டத்துக்கு நாப்பது வருசம் ஒழைச்ச கங்காணி. அது அவருக்கு உள்ள பாத்தியதை" என்றேன்.

"பாத்தியதை முடியாதவங்களுக்கு மாஸ்டர். ஒங்களுக்குத்தான் முடியுதே."

அன்று நல்ல மழை. நான்தான் தூக்கினேன். போகும்போதும், வரும்போது மேட்டிலும். கீழ் லயத்துப் பையன்கள் முன்பு ஒரு கை கொடுக்க ஓடிவருவார்கள். இப்போது வாசலில் நின்று, "சேர், பாத்து" என்கிறார்கள். பலவீனமாக இருந்தபோது இந்த மலையில் எனக்கு எட்டுக் கை இருந்தது. இப்போது இரண்டுதான்.

பரவாயில்லை. இரண்டு மாதம். திகதியை எழுது.

இந்திரகுமார்


தோஹா
26.11.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்த நாலு தரம் எழுதிக் கிழிச்சிட்டேன். நேராவே சொல்லிர்றேன். நான் டிசம்பர்ல வரல. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வச்சிட்டேன்.

கிழிச்சிப் போடாமக் கேளுங்க அண்ணே. ரமோன் ஊருக்குப் போறாரு. அவரு எடத்துக்கு ஆள் வேணும்னு முதலாளி தேடினாரு. ரமோன் என் பேரச் சொன்னாரு. துவாய் மடிக்கிறவன எப்படின்னு முதலாளி கேட்டாரு. நான் லொக்கர்ல இருந்து ஒங்க படத்த எடுத்துக் காட்டினேன். "இது என் அண்ணன். ஏப்ரல் மாசம் ஒரு முக்காலியில இருந்து எந்திரிக்க முடியாம இருந்தாரு. நான் கடிதத்துலயே பழக்கினேன்"னு சொன்னேன். அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. ஜனவரில இருந்து என்ன சர்ட்டிபிகட் படிப்புக்கு அனுப்புறாங்க. படிப்பு, அண்ணே. எட்டாம் வகுப்போட விட்டவன் நான். மேல ரெண்டு வருசம் நின்னாத்தான் அனுப்புவாங்க. இல்லாட்டி வந்து கொழுந்துச் சாக்கு ஏத்துற லொறியிலதான் ஏறணும். எனக்கும் முப்பத்திநாலு ஆச்சி. இது இனி வராது.

ஒங்களுக்கு முடியாம இருந்திருந்தா நான் இதச் செஞ்சிருக்கவே மாட்டேன். சத்தியமா. எல்லாத்தையும் போட்டுட்டு வந்திருப்பேன். இப்ப நீங்க தனியாவே தூக்குறீங்க. சீனி கொறைஞ்சிருச்சி. அப்பா முகம் படத்துல எவ்வளவு நிம்மதியா இருக்கு. அதப் பாத்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

ரத்தினபுரி வேலைய ரெண்டு வருசம் தள்ளி வைக்கக் கேட்டுப் பாருங்க. ஒங்களுக்காக வச்சிருப்பாங்க. அண்ணிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க.

தம்பி
சுதாகரன்


ஊருகலைத் தோட்டம், மேற்பிரிவு,
தெரணியகலை.
14.01.2007

தம்பி சுதாகரனுக்கு,

உன் கடிதத்தைத் தபால் பையன் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து கொடுத்தான். திடலில், அந்த டயருக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். அது நவம்பர் கடைசியில் எழுதியது, இங்கே வந்து சேர்ந்தது டிசம்பர் நடுவில். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. இதுவரை உனக்குப் பதில் எழுத நான் இவ்வளவு நாள் எடுத்ததில்லை.

அரசாங்கப் பதவியை இரண்டு வருடம் எடுத்து வைக்கமாட்டார்கள். என்னைவிடப் பதினைந்து வயது இளைய ஒருவர் இரண்டாம் திகதி கையெழுத்து வைத்துவிட்டார். நேர்முகத்தில் மாடிப்படியில் மூச்சு வாங்கியவர்களில் ஒருவர். ஷாமிளா பெட்டியைத் திறந்து பேப்பரைப் பிரித்துப் பீங்கான்களைப் பழைய இடத்திலேயே அடுக்கினாள். பேப்பரை எல்லாம் மடித்து அடுப்பு மூட்ட வைத்துக்கொண்டாள்.

எனக்கு உன்மேல் வந்த கோபத்தைவிட என் உடம்பின்மேல் வந்த கோபம்தான் அதிகம். எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூட்டை, தண்ணி கேன், டயர் ஒன்றும் இல்லை. சீனி போட்ட தேத்தண்ணியாகக் குடித்தேன். சாய்மனை நாற்காலியில் கிடந்தேன். பலம் போய்விட்டால் ஆபிசில் துண்டு எழுதுவார்கள், கீழ் லயத்துப் பையன்கள் ஓடிவருவார்கள், நீகூட வருவாய் என்று ஒரு கணக்கு. படித்தவன் போட்ட கணக்கு. காலையில் அப்பா கட்டிலைத் தட்டினார், கக்கூசுக்கு. விட்டுவிட வேண்டும், ஆள் கூப்பிட வேண்டும் என்றுதான் கிடந்தேன். அதற்குள் நான் குந்தி, அவர் கையை நெஞ்சுக்குக் குறுக்காகப் பிடித்து, மூச்சை விட்டு எழும்பியிருந்தேன். என்னைக் கேட்காமலே கால் எழும்புகிறது.

மருந்துக்காரர் போன கிழமை பார்த்துவிட்டு மாத்திரையே வேண்டாம் என்றார். "இப்படியே போனா இன்னும் முப்பது நாப்பது வருசம் இங்க எங்ககூடதான் மாஸ்டர்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்த்துத்தான் சொன்னார்.

உன் படிப்பைப் படி. இதை ஏளனமாக எழுதவில்லை. இந்த வீட்டில் படிப்புக்காக யாராவது ஒருவன் எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அது நீயாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். என் படத்தைக் காட்டி உனக்கு அந்த இடம் கிடைத்தது என்பதை வேறு யாரிடமும் எழுதாதே. என்னிடம் எழுதியிருக்கவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தை உனக்கு இதுவரை எழுதவில்லை. அந்தப் படத்தில் அப்பாவின் முகம் நிம்மதியாக இருப்பதாக நீ இரண்டு கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். அது உண்மை. அந்த நிம்மதி யாருக்கானது என்று சொல்கிறேன். அன்று முதுகில் ஏற்றிப் படி இறங்கத் தொடங்கியதும் அவர் என் காதில் குழறலாகச் சொன்னார்: "மெதுவாப் போடா சுதா."

"நான் இந்திரன்ப்பா" என்றேன்.

அவர் குலுங்கிச் சிரித்தார். என் முதுகு முழுக்க அந்தச் சிரிப்பு குலுங்கியது. "அவனா? அவனுக்கு ஏதுடா இந்தத் தெம்பு" என்றார்.

அந்த நேரத்தில்தான் ஜாபிர் படம் எடுத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். முதலில் திருத்தினேன். ஷாமிளாவும் சொல்லிப் பார்த்தாள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் திருத்துவதில்லை. புதுவருசத்தன்று தலைக்கு ஊற்றித் துவட்டிக்கொண்டிருக்கும்போது, "எப்படா வந்த?" என்று கேட்டார். "நேத்துப்பா" என்றேன். "இனிமே போகாத" என்றார். "போகல" என்றேன். என் கையைத் தடவிப் பார்த்து, புயத்தை அமுக்கிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் கை என்மேல் அப்படிப் பட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "பெரியவன் எங்கடா?" என்றார்.

ஷாமிளா அடுப்படியில் நின்று என்னைப் பார்த்தாள். "ரத்னபுரிக்கு மாத்தலாகிப் போயிட்டாருப்பா. பெரிய வேலை" என்றேன்.

"போகட்டும்" என்றார். "படிச்ச புள்ள. இங்க கெடந்து என்னா செய்யிறது."

இதற்காக நான் இருபத்தேழு வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும்.

ஆகையால் இரண்டு வருடம் கழித்தும் நீ வர வேண்டாம். கடிதமும் வேண்டாம். அப்பாவுக்கு நீ வந்துவிட்டாய், நான் போய்விட்டேன். அவர் இருக்கும்வரை இப்படியே இருக்கட்டும். நீ வாசலில் வந்து நின்றால் நான் யார் என்று அவரிடம் சொல்ல வேண்டி வரும்.

இந்திரகுமார்